சூத்திரம் சரி, விடை தப்பு: பிளஸ் டூ மாணவிக்கு ஒரு பதில்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறாள். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ கணிதப் பிரிவு படிக்கிறாள். அப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார், அம்மா மில்லுக்குப் போகிறார். முதல் திருப்புதல் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 22 வாங்கியிருக்கிறாள். பொதுத்தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

"டீச்சர், ஃபார்முலா எல்லாம் தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லீருவனுங்க. பரீட்சை ஹால்ல உக்காந்தா எதை எங்க போடறதுன்னே தெரியறதில்லீங்க" என்று எழுதியிருக்கிறாள். படிக்கிற அறையின் சுவர் முழுக்கச் சூத்திரங்களை எழுதி ஒட்டியிருக்கிறாளாம். அப்பா விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறார். திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெரியப்பா மகன் 60-க்குக் கீழே வாங்குவதே இல்லையாம். நிலைமின்னியல், கதிர் ஒளியியல் உள்ளிட்ட நான்கு பாடங்களை அப்படியே விட்டுவிடலாமா, ஈரோட்டில் ஒரு மாத கிராஷ் கோர்ஸில் சேரலாமா என்று கேட்கிறாள். இயற்பியலுக்காகக் கணக்குப் பாடத்தைத் தொட்டே மூன்று வாரம் ஆகிறதாம். கடைசிப் பக்கத்தில், "ஃபெயிலாயிட்டா மே மாசமே மாப்பிள்ளை பாத்தரலாம்னு அத்தை சொல்றாங்க" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. தப்பாய்ப் போன ஒரு கணக்கையும் படம் எடுத்து இணைத்திருக்கிறாள்.

கண்ணு, அந்தப் படத்தை அனுப்பினாயே, அதுதான் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. மதிப்பெண்ணை மட்டும் எழுதியிருந்தால் பொதுவாக ஏதாவது சொல்லித்தான் அனுப்பியிருக்க முடியும்.

முதலில் அந்த 22-ஐப் பற்றிப் பேசிவிடலாம். நீ தேறவே மாட்டாய் என்று முடிவு கட்டிக்கொண்டு எழுதியிருக்கிறாய். பொதுத்தேர்வில் இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்து, மூன்றும் சேர்த்து 35 வந்தால் தேர்ச்சி. இதே 22-ஐப் பொதுத்தேர்வில் வாங்கினாலும், மீதி 30-ல் 13 வந்தால் நீ பாஸ். செய்முறைக்கு ஒழுங்காகப் போய், ரெக்கார்டு நோட்டை முடித்து வைக்கிற பிள்ளைக்கு 13 பெரிய விஷயமில்லை. உன் பள்ளி 70-க்கு மட்டும் கணக்குப் போட்டுச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. அது உன்னை உஷார்ப்படுத்தப் போட்டது. பயத்துக்கு இதோடு விடை கொடுத்துவிடு. இனி 22-ஐ 45-க்கு மேலே கொண்டுபோவது எப்படி என்று பார்க்கலாம்.

நீ போட்ட கணக்கு

கேள்வி ரொம்ப எளிமையானது. மின்தூண்டல் எண் (எல்) 100 மில்லிஹென்றி, மின்தேக்குத்திறன் (சி) 10 மைக்ரோஃபாரட். ஒத்ததிர்வு அதிர்வெண் என்ன?

நீ சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாய்: ஒன் பை டூ π ரூட் எல்.சி. அடுத்த வரியில் எல்லுக்கு 100, சிக்கு 10 என்று அப்படியே தூக்கிப் போட்டுவிட்டாய். விடை 0.005 ஹெர்ட்ஸ். கீழே இரட்டைக் கோடு வேறு.

அந்த விடையை ஒரு நிமிடம் பார். 0.005 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலைவு முடிய 200 வினாடி, மூன்று நிமிடத்துக்கு மேல். உன் வீட்டுக்கு வரும் கரண்ட் வினாடிக்கு 50 முறை அலைகிறது. ஆய்வகத்தில் கைக்குள் அடங்கும் ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறையா அலையும்? இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியிருந்தால் நீயே திரும்பிப் போய்ப் பார்த்திருப்பாய். 100 மில்லிஹென்றி என்பது 0.1 ஹென்றி. 10 மைக்ரோஃபாரட் என்பது பத்தின் மைனஸ் ஐந்தாம் அடுக்கு ஃபாரட். இரண்டையும் பெருக்கினால் பத்தின் மைனஸ் ஆறு, அதன் வர்க்கமூலம் பத்தின் மைனஸ் மூன்று. ஆயிரத்தை டூ π-ஆல், அதாவது 6.28-ஆல் வகுத்தால் 159 ஹெர்ட்ஸ். முடிந்தது.

உனக்கு மறதி ஒன்றும் இல்லை என்பதை இந்தத் தாளே சொல்கிறது. சூத்திரம் நினைவில் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் எந்தப் பொருளைக் குறிக்கிறது, எந்த அலகில் வர வேண்டும், விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்பவைதான் கூட வரவில்லை. மனப்பாடத்தை இன்னும் இரண்டு மடங்காக்கினாலும் இது சரியாகாது.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது உன் அப்பாவின் தொழில். ஒரு பேஸ் மோட்டாருக்குப் போடும் கெபாசிட்டரைப் பட்டறையில் பார்த்திருப்பாய். மேலேயே 36 மைக்ரோஃபாரட் என்கிற மாதிரி அச்சடித்திருக்கும். 36 ஃபாரட் என்று யாரும் போட மாட்டார்கள். அதே 36 மைக்ரோஃபாரடுக்கு 50 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பார். 88 ஓம் சொச்சம் வரும். அதிர்வெண் சுழி என்று போட்டால், அதாவது பேட்டரி கரண்ட் என்றால், மறுப்பு முடிவிலி. நேர்மின்னோட்டம் மின்தேக்கி வழியாக ஏன் தொடர்ந்து ஓடாது என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இதுதான் பதில்.

அப்பாவிடம், "சுத்துக் குறைச்சுக் கட்டினா என்னாகுமுங்கப்பா?" என்று கேட்டுப் பார். காயில் சூடாகும், கருகும் என்பார். சுற்று பாதியானால் மின்தூண்டல் எண் நாலில் ஒரு பங்காகிவிடும், மறுப்புக் குறையும், மின்னோட்டம் எகிறும். பாடப் புத்தகத்தில் சுற்று எண்ணிக்கையின் இருமடி என்று படித்தது இதைத்தான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கரண்டை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அப்பா பக்கத்தில் இல்லாமல் எதையும் தொடாதே.

சுவரில் இருக்கும் சூத்திரங்கள்

அவற்றைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது படிப்பு ஆகாது. பார்க்கப் பார்க்க முகம் பழகும், பழகியதைத் தெரியும் என்று மனம் எடுத்துக்கொள்ளும். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கோ ஒரு வாரம் கழித்தும் கூடுதலாக நினைவிருந்தது. பரீட்சை ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

சுவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் லாம்டா எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார். நிலைமின்னியலில் லாம்டா என்பது ஒரு மீட்டர் நீளத்தில் உள்ள மின்னூட்டம். ஒளியியலில் அலைநீளம். அணுக்கருப் பாடத்தில் சிதைவு மாறிலி, அதன் அலகு 'ஒரு வினாடிக்கு'. மூன்றும் ஒரே எழுத்து. ஆர் (R) என்பது ஓரிடத்தில் மின்தடை, ஓரிடத்தில் வளைவு ஆரம், ஓரிடத்தில் ரிட்பர்க் மாறிலி. என் (n) என்றால் எலக்ட்ரான் அடர்த்தியா, வரிச்சுருளின் சுற்றா, ஒளிவிலகல் எண்ணா, முதன்மைக் குவாண்டம் எண்ணா? ஹாலில் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை என்றாயே, அந்தக் குழப்பம் இங்கேயிருந்துதான் வருகிறது. சுவரில் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன, யார் எந்தப் பாடத்து ஆள் என்று சொல்ல யாருமில்லை.

அதனால் சூத்திரங்களைக் குடும்பமாகச் சேர்த்து எழுது. மின்புலத்தை எடுத்துக்கொள். புள்ளி மின்துகள் என்றால் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம். முடிவில்லா நீளக் கம்பி என்றால் தொலைவுக்கு எதிர்விகிதம். முடிவில்லா சமதளம் என்றால் தொலைவே வராது. மின் இருமுனையிலிருந்து வெகுதூரம் போனால் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதம். நான்கையும் ஒரே பக்கத்தில், பக்கத்தில் படத்தோடு எழுதிவிட்டால் ஒன்றை ஒன்று காப்பாற்றும்.

மின்தேக்கிகளைத் தொடரில் இணைத்தால் தலைகீழ் கூட்டல், மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் தலைகீழ் கூட்டல், இது ஏன் மாறி வருகிறது என்று நீ கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் மின்னழுத்த வேறுபாடு ஒன்றே. மின்தேக்கியில் மின்னூட்டங்கள் கூடும், அதனால் மின்தேக்குத்திறன் நேராகக் கூடும். மின்தடையில் மின்னோட்டங்கள் கூடும். வழி அதிகமானால் மொத்தத் தடை குறையத்தானே வேண்டும்? இதை உன் வாயால் தோழிக்கு ஒருமுறை விளக்கிவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது.

மூடி வைத்து எழுதும் முறை

ஒரு பாடத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் எடு. புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பாடத்தில் உனக்கு வரும் சூத்திரங்களை எழுது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத்து எதைக் குறிக்கிறது, அலகு என்ன, எப்போது பொருந்தும் என்று எழுது. லென்ஸ் சூத்திரத்தில் கழித்தல், ஆடிச் சூத்திரத்தில் கூட்டல், இரண்டுக்கும் குறியீட்டு மரபு உண்டு என்பது போன்றவற்றை அங்கேயே குறித்துவிடு. முடிந்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பில் எழுது. நாளைக்கு அந்தச் சிவப்பை மட்டும் மூடி வைத்து எழுது. நான்கு நாள் கழித்து முழுத்தாளையும் மறுபடி எழுது.

அடுத்து கணக்கு. பாடத்தின் பின்னால் இருக்கும் கணக்குகளில் தினமும் மூன்று போதும். எழுதும் வரிசையை மாற்றாதே: தரவு, எஸ்.ஐ. அலகுக்கு மாற்றியது, சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு. திருத்துகிறவர்கள் பொதுவாகப் படிப்படியாகவே மதிப்பெண் போடுவார்கள். கடைசி விடை தப்பினாலும் சூத்திரத்துக்கும் பிரதியிடலுக்கும் உள்ளது கையில் நிற்கும்.

பாடத்தைச் சாய்ஸில் விடுவது

இதில் உன்னோடு எனக்கு உடன்பாடு இல்லை. வினாத்தாளைப் பார்: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் 9-க்கு 6, மூன்று மதிப்பெண்ணில் 9-க்கு 6, ஐந்து மதிப்பெண்ணில் 'இது அல்லது அது' என்று ஐந்து. ஒரு மதிப்பெண்ணில் சாய்ஸே கிடையாது. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டாய வினா உண்டு, அது பெரும்பாலும் கணக்காக இருக்கும். 11 பாடங்களில் நான்கை விட்டுவிட்டுப் போனால், ஐந்து மதிப்பெண்ணில் 'இது', 'அது' இரண்டுமே விட்ட பாடத்திலிருந்து வந்து நிற்கலாம்.

விட வேண்டுமென்றால் பாடத்தை விடாதே, பாடத்துக்குள் விடு. நிலைமின்னியல் முழுவதும் முடியாது என்றால் நெடிய வருவித்தலில் இரண்டை விட்டுவிட்டு வரையறைகள், மின்தேக்கி, வான் டி கிராப் இயற்றி ஆகியவற்றைப் படி. கதிர் ஒளியியலில் லென்ஸ், முழு அக எதிரொளிப்பு, முப்பட்டகம் மூன்றும் இருந்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். நீ விடப்போகும் நான்கில், இயற்பியலின் அண்மைக்கால வளர்ச்சிகளைச் சொல்லும் பதினோராம் பாடமும் இருக்கிறதே, அதை ஏன் விட வேண்டும்? சூத்திரம் அதிகமில்லாமல் கதை மாதிரி படிக்கக்கூடிய பாடம் அது.

நான் உன் இடத்தில் இருந்தால் மின்னோட்டவியலில் ஆரம்பித்து மாறுதிசை மின்னோட்டத்துக்குப் போவேன், இரண்டும் உன் அப்பாவின் பட்டறையில் நீ பார்க்கிற விஷயங்கள். பிறகு இருமைப் பண்பும் அணுக்கருவும். இருமைப் பண்பில் கணக்குகள் நேரடியானவை. 100 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் கேட்டால், 12.27-ஐ மின்னழுத்தத்தின் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்தால் 1.227 ஆங்ஸ்ட்ராம். இப்படிப்பட்ட கணக்குகள் கைவந்தால் தைரியம் வரும். நிலைமின்னியலைத் தைரியம் வந்த பிறகு எடு.

மூன்று மணியும் ஈரோட்டு பஸ்ஸும்

உன் வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தால் நான்குதான் ஆகிறது. படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். அப்பா பிரியத்தில் எழுப்புகிறார், அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. இந்தப் பத்தியை அவரிடம் காட்டி, "அஞ்சு மணிக்கு எழுப்புங்கப்பா, பத்துக்குள்ள படுத்துக்கறேன்" என்று சொல். அதுவே எட்டுக்கு ஒரு மணிதான் குறைவு.

கிராஷ் கோர்ஸ் வேண்டாம். போக வர பஸ்ஸிலேயே தினமும் இரண்டரை மணி நேரம் போய்விடும், அங்கேயும் ஒரு சூத்திரத் தாளைத்தான் கையில் கொடுப்பார்கள். அந்தப் பணத்தை அம்மாவிடமே இருக்க விடு. உன் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் போய், தப்பாய்ப் போன கணக்குகளைக் காட்டி, மாலையில் அரைமணி நேரம் கேள். அரசுப் பள்ளி ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது உன் உரிமை, தயங்க ஒன்றுமில்லை. பெரியப்பா மகனோடு ஒப்பிடுவதை அடுத்த ஐந்து வாரத்துக்கு நிறுத்திவை. அவனுக்கு மில் வேலைக்குப் போன அம்மா திரும்பும்வரை அடுப்பைப் பார்க்கிற பொறுப்பு இல்லை.

கணக்கை விட்டது

எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான். நீ பொறியியலில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) எடுக்க ஆசைப்படுகிறாய். கட்-ஆஃப் 200-க்கு. அதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் இரண்டு மதிப்பெண் ஏறினால்தான் கட்-ஆஃபில் ஒன்று ஏறும். கணக்கில் ஒன்று ஏறினாலே ஒன்று ஏறும். மூன்று வாரமாகக் கணக்கைத் தொடாமல், பாதி மதிப்புள்ள பாடத்துக்கு எல்லா நேரத்தையும் கொடுத்திருக்கிறாய். நாளையிலிருந்து காலை முதல் ஒரு மணி நேரம் கணக்குக்கு.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்ததாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் சித்தோட்டில் உள்ள ஈரோடு அரசுப் பொறியியல் கல்லூரியிலும் இ.இ.இ. இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பணத்தை நினைத்துத் தயங்கினால் இதை எடுத்துச் சொல். ஒருவேளை ஏதாவது பாடத்தில் தவறினாலும் சில மாதத்திலேயே துணைத்தேர்வு வந்துவிடும். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அங்கிருந்து பொறியியலுக்குப் போகும் வழியும் இருக்கிறது.

அத்தை சொன்னது

ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். உன் பயத்தில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகஸ்டில்தான் உனக்கு 18 முடிகிறது. பாஸோ ஃபெயிலோ, மே மாதத்தில் உனக்குக் கல்யாணம் பண்ண முடியாது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அது குற்றம், ஏற்பாடு செய்கிற பெரியவர்களுக்கும் தண்டனை உண்டு. 18 முடிந்த பிறகும் உன் சம்மதம் இல்லாமல் யாரும் செய்யக் கூடாது.

அத்தையை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். கோபத்தில் சொன்னதாகக்கூட இருக்கலாம். ஆனால் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து, "எனக்கு இது பயமா இருக்கும்மா" என்று சொல்லிவிடு. பேச்சு நிஜமாகவே நகர ஆரம்பித்தால் உன் வகுப்பாசிரியரிடம் சொல், அல்லது 1098-க்குப் போன் செய், காசு ஆகாது. படிப்பு, பரீட்சை பயம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. ராத்திரி மனசு ரொம்பக் கனத்துப் போனால் 14416-ல் மனநல ஆலோசகர்கள் எந்நேரமும் பேசுவார்கள், தமிழிலேயே பேசலாம்.

இரண்டாவது திருப்புதல் தேர்வுக்குள் மின்னோட்டவியலும் மாறுதிசை மின்னோட்டமும் மட்டும் மூடி வைத்து எழுதும் முறையில் முடித்துவிடு, மீதியை வழக்கம்போலப் படித்துக்கொண்டு போ. தேர்வு முடிந்ததும் தப்பாய்ப் போன கணக்குகளை மட்டும் படம் எடுத்து அனுப்பு, கண்ணு. எந்த வரியில் தப்பியிருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.